ஏழாம் அத்தியாயம்: சக மாணவரின் தாளைப் படிக்கக் கற்பித்தல்

இணையவழிப் பாடத்தில் மாணவர்கள் நழுவிப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று முதல் வாரம். அதை எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். மற்றொன்று, சக மாணவர்களின் தாளைத் திருத்தச் சொல்லும் வாரம். அதுவரை வீடியோக்களைப் பார்த்து, வினாடிவினாக்களை முடித்து, அசைன்மென்டையும் நேரத்துக்கு ஏற்றியவர், "இனி மூன்று பேரின் தாளைப் படித்து மதிப்பெண் இடுங்கள்" என்ற வரியைக் கண்டதும் திரையை மூடிவிடுகிறார். பலர் திரும்பி வருவதே இல்லை. பெங்களூருவில் ஒரு கல்லூரியின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளராகவோ, நிறுவனம் ஒன்றின் பயிற்சிப் பிரிவிலோ, ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தும் தொண்டு அமைப்பிலோ இருக்கும் உங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாகியிருக்கும்.

இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மாணவர்கள் எந்த மதிப்பீட்டு முறையில் பழகி வந்தவர்கள் என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களை நடத்திவருகிறது. வாராவாரம் வரும் அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான், கணினியே திருத்திவிடும். ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது. பட்டப்படிப்பின் கிரெடிட்டில் 20 விழுக்காடு வரை அதில் எடுக்கலாம் என்று 2016-ல் விதி செய்திருந்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-ல் அதை 40 ஆக உயர்த்தியது. இந்த நகரத்துப் பொறியியல் மாணவருக்கு இணையப் பாடம் என்றால் மனத்தில் நிற்பது இந்த வடிவம்தான்: கேள்வி வரும், விடையைத் தட்டுவேன், மதிப்பெண் காட்டும். பள்ளியிலும் அப்படித்தான். தாளைத் திருத்துவது ஆசிரியரின் வேலை, சிவப்புப் பேனா அவருடையது.

ஆனால் எல்லாப் பாடமும் அப்படி அடங்காது. பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் ஐ.ஐ.எம். பெங்களூரு 2014-ல் எட்எக்ஸ் பாடத்தளத்துடன் இணைந்தது. ஸ்வயத்தில் மேலாண்மைப் பாடங்களின் தேசிய ஒருங்கிணைப்பாளரும் அதுவே. மேலாண்மை, தொழில்முனைவு, வடிவமைப்பு, எழுத்து, ஆசிரியப் பயிற்சி போன்ற பாடங்களில் மாணவர் எழுதித் தருவது ஒரு திட்டமாகவோ, வாதமாகவோ, பாடக்குறிப்பாகவோ இருக்கும். சரி, தவறு என்று தட்டிவிட முடியாது. யாராவது உட்கார்ந்து படித்தாக வேண்டும். பத்தாயிரம் பேர் சேர்ந்த பாடத்தில் பத்தாயிரம் தாளைப் படிக்க ஆசிரியர் குழுவால் ஆகாது. மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் படிக்கும் வழி அங்கேதான் நுழைகிறது.

ஆள் போதாததால் வந்த ஏற்பாடு இது என்று மட்டும் மாணவரிடம் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் ஆசிரியரின் சுமையைத் தன் தலையில் வைக்கிறார்கள் என்றே அவர் நினைப்பார். உண்மையில் இந்த வேலையால் அதிகம் கற்பவர் தாளைப் படிப்பவரே. இந்த அத்தியாயத்தில் வரும் ஏற்பாடு ஒவ்வொன்றும் அந்த நம்பிக்கையின் மேல் கட்டியது.

நன்னூலில் பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு வருகிறது. மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. நம் இலக்கண ஆசிரியர் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உடன்பயில்வாருக்கென்று தனிப் பங்கு ஒதுக்கியிருக்கிறார் என்பதை முதல் நேரலை வகுப்பிலேயே தமிழ் மாணவர்களிடம் சொல்லுங்கள். வெளியிலிருந்து புதிதாக வந்த முறை என்ற ஒட்டாமை அதில் பாதி குறையும்.

இக்கால ஆய்வும் இதே திசையில் நிற்கிறது. கிறிஸ்டி லுண்ட்ஸ்ட்ரோம், வெண்டி பேக்கர் ஆகிய இருவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைகளுக்குக் கருத்து மட்டும் எழுதினார்கள். மற்றப் பிரிவினர் வந்த கருத்தை வைத்துத் திருத்த மட்டும் பழகினார்கள். பருவ இறுதியில் தம் எழுத்தில் அதிகம் முன்னேறியிருந்தவர்கள் கருத்து எழுதிய பிரிவினர். தொடக்கநிலை மாணவர்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. 'எனக்கே ஒன்றும் தெரியாதே' என்று ஒதுங்கும் மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

தயக்கம் எங்கிருந்து வருகிறது

காரணங்களைத் தனித்தனியே தெரிந்துகொண்டால்தான் மருந்தும் தனித்தனியே கொடுக்க முடியும்.

"மேம், நானே அரியர் வச்சுத்தான் பாஸானேன். இன்னொருத்தருக்கு நான் எப்படி மார்க் போடறது?" என்பது ஒன்று. "என் பிளானை யாரோ ஒருத்தர் படிச்சு ரெண்டு மார்க் போட்டுட்டுப் போயிடுவார். அவருக்கு என்ன தெரியும்?" என்பது அதன் மறுபக்கம். முன்னதைச் சொல்பவர் பெரும்பாலும் கல்லூரி மாணவர். பின்னதைச் சொல்பவர் பத்தாண்டு அனுபவமுள்ள மேலாளர். இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: எதை வைத்து மதிப்பெண் போடுகிறோம் என்ற தெளிவு. அதற்கு ஒத்திகை வேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மொழி அடுத்த காரணம். ஓசூரிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து போகும் ஒருவர் தன் வேலையை ஆங்கிலத்தில் செய்துவிடுவார். ஆனால் முகம் தெரியாத ஒருவரின் எழுத்தில் இன்ன குறை என்று ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொல்வது வேறு திறமை. அந்தச் சங்கடத்தில்தான் 'குட்', 'நைஸ்' என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுகிறார்.

எளிதில் தீர்க்கக்கூடிய காரணமும் ஒன்று உண்டு. அசைன்மென்டை ஏற்றியதும் வேலை முடிந்தது என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். எட்எக்ஸ் போன்ற தளங்களில் தனக்கு ஒதுக்கிய தாள்களைப் படித்து முடிக்காதவருக்குத் தன் மதிப்பெண்ணும் வராது. இது திரையில் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் யாரும் படிப்பதில்லை. "ஏற்றியது பாதி வேலை. மூன்று தாளைப் படித்து முடித்தால்தான் உங்கள் மதிப்பெண் திறக்கும்" என்று அசைன்மென்ட் கேள்வியின் முதல் வரியாகவே எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். நேரலையில் உங்கள் திரையைப் பகிர்ந்து, ஏற்றுவது முதல் மதிப்பெண் வருவது வரை ஒரு தடவை நடந்து காட்டுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

ஒத்திகை

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பெரிய இணைய வகுப்பில் முதன்முதலாக இம்முறையை நடத்திப் பார்த்தது, 2012-ல் கோர்செராவில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்காட் கிளெம்மர் நடத்திய மனித-கணினி ஊடாட்டப் பாடம். சின்மய் குல்கர்ணியும் கிளெம்மரும் மற்றவர்களும் அந்த அனுபவத்தை 2013-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அங்கே மாணவர்கள் நேரே பிறர் தாளுக்குப் போகவில்லை. ஆசிரியர் குழு ஏற்கெனவே திருத்தி வைத்திருந்த மாதிரித் தாளைத் தாங்களும் திருத்தி, தங்கள் மதிப்பெண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துப் பழகினார்கள். அதன் பிறகு சக மாணவர்களின் தாள், கடைசியில் தன் தாள். இரண்டாம் முறை பாடம் நடந்தபோது 65.5 விழுக்காட்டினரின் மதிப்பெண், ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் இருந்தது, 42.9 விழுக்காட்டினருடையது 5 விழுக்காட்டுக்குள். 'அவருக்கு என்ன தெரியும்' என்று கேட்கும் மேலாளருக்கு இந்த எண்களைக் காட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் விலகல் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முழுமையான முறை என்று விற்றால் முதல் குறை தெரிந்ததும் நம்பிக்கை போய்விடும்.

எட்எக்ஸ் தளத்தின் மென்பொருளான ஓப்பன் எட்எக்ஸில் இந்த ஒத்திகைக்கென்று தனிப் படியே இருக்கிறது. மாதிரித் தாள்களையும் அவற்றுக்கு உரிய மதிப்பெண்ணையும் ஏற்றிவிட்டால் மாணவர் அதைத் தாண்டித்தான் அடுத்த படிக்குப் போக முடியும். மூடுலின் 'ஒர்க்‌ஷாப்' பகுதியிலும் மாதிரித் தாள் வைக்க இடம் உண்டு. வேறு தளமானால் கூகுள் படிவம் போதும். எங்கே செய்தாலும் முதல் முறை எல்லோரும் சேர்ந்து நேரலையில் செய்வது நல்லது.

மாதிரித் தாளை நீங்களே எழுதுங்கள். தொழில்முனைவுப் பாடத்துக்கு நான் தரும் மாதிரி இது: மடிவாளா சந்தையில் விடியற்காலை காய்கறி வாங்கி, பி.டி.எம். லேஅவுட்டில் இருக்கும் பி.ஜி. விடுதிகளின் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். இதையே மூன்று தாளாக எழுத வேண்டும். முதல் தாளில் ஆங்கிலம் பளபளப்பாக இருக்கட்டும். ஆனால் வாடிக்கையாளர் யார், எவ்வளவுக்கு வாங்கி எவ்வளவுக்கு விற்பது என்ற கணக்கே இருக்கக் கூடாது. இரண்டாவதில் மொழி தடுமாறட்டும், எழுத்துப்பிழைகூட இருக்கட்டும். ஆனால் விடுதிக்காரர்களிடம் நேரில் பேசி, தினமும் எத்தனை கிலோ தேவை, வீணாவது எவ்வளவு, ஆட்டோ வாடகை எவ்வளவு என்று விவரமாக எழுதியிருக்கட்டும். மூன்றாவது நடுத்தரம்.

மூன்றையும் படித்து மதிப்பெண் போடச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முதல் தாளுக்கே அதிகம் போடுவார்கள். அங்கே நிறுத்துங்கள். "ஒரு விடுதிக்கு மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று இந்தத் தாளில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்" என்று கேளுங்கள். தேடுவார்கள். கிடைக்காது. ஆங்கிலத்துக்கு மயங்கிவிட்டோம் என்று அவர்களே கண்டுகொள்வார்கள். இரண்டாம் தாளின் மேல் கை வைக்கத் தயங்கிய, ஆங்கிலம் வராத மாணவருக்கு அந்த நிமிடத்தில் கிடைக்கும் தெம்பை வேறு எதனாலும் கொடுக்க முடியாது. இந்த நகரத்தில் நன்றாக ஆங்கிலம் பேசுபவர் நன்றாகச் சிந்திப்பவர் என்ற எண்ணம் நேர்காணல் அறை வரை பரவிக்கிடக்கிறது. அதை உடைக்க ஒரு மணி நேர ஒத்திகை நல்ல தொடக்கம்.

ஒத்திகையில் இட்ட மதிப்பெண் எதிலும் சேராது என்று முன்னமே சொல்லிவிடுங்கள். உங்கள் மதிப்பெண்ணை மட்டும் காட்டினால் போதாது. ஏன் அப்படி இட்டீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாணவர் யாராவது உங்களோடு உடன்படாமல் நல்ல காரணம் சொன்னால் உங்கள் எண்ணை அங்கேயே மாற்றுங்கள். தங்கள் பேச்சுக்கு எடை இருக்கிறது என்று வகுப்பே அறிந்துகொள்ளும்.

ரூப்ரிக் எழுதும்போது

மதிப்பெண் அளவுகோலை மாணவர்கள் 'ரூப்ரிக்' என்றே சொல்கிறார்கள். தயக்கத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதில் உள்ள சொற்கள்தான். 'திட்டம் சிறப்பாக உள்ளதா? 0 முதல் 5' என்று எழுதினால் ஒருவரின் 3 இன்னொருவருக்கு 5 ஆகும். குல்கர்ணி குழுவினர் எந்த வரியில் மதிப்பெண்கள் அதிகம் சிதறுகின்றன என்று பார்த்து, அந்த வரிகளைத் தெளிவாகத் திருத்தி எழுதினார்கள். மதிப்பெண்ணில் இருந்த இடைநிலைப் பிழை 12.4 விழுக்காட்டிலிருந்து 9.9-க்கு இறங்கியது. ஒவ்வொரு நிலையையும் ஒரே வாக்கிய அமைப்பில் எழுதியிருந்த வரிகளில் சிதறல் குறைவாக இருந்தது.

மடிவாளா மாதிரிக்கு இப்படி எழுதலாம். 0: வாடிக்கையாளர் யார் என்று சொல்லவில்லை. 1: வாடிக்கையாளர் யார் என்று சொல்கிறது, அவருடைய தேவையைச் சொல்லவில்லை. 2: வாடிக்கையாளர் யார் என்றும் அவருடைய தேவை என்னவென்றும் சொல்கிறது. 3: இரண்டையும் சொல்கிறது, நேரில் கேட்டறிந்த சான்றும் தருகிறது. இதைப் பிடித்துக்கொண்டு யாரும் மதிப்பெண் போட முடியும். 'நான் யார் மார்க் போட' என்ற கேள்வி எழவே இடமில்லை. இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதுதான் வேலை.

இத்தகைய வரிகள் நான்கு போதும். எட்டு, பத்து என்று போனால் கைபேசியில் படிப்பவர் களைத்துப்போய்க் கடைசி வரிகளுக்கு எல்லாம் ஒரே எண்ணைத் தட்டிவிடுவார். மொழிநடைக்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பதை ரூப்ரிக்கிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் 'இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

கருத்து எழுதப் பழக்குதல்

எண்ணைவிடக் கருத்துதான் தாளின் சொந்தக்காரருக்கு உதவும். எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித் தராததால்தான் 'நல்லா இருக்கு' என்று முடிகிறது. நான் மாணவர்களிடம் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்கிறேன். தாளில் எந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள்? அங்கே உங்களுக்கு என்ன புரிந்தது, அல்லது எது புரியவில்லை? எழுதியவர் அடுத்து என்ன செய்யலாம்?

மடிவாளா தாளுக்கு ஒரு கருத்து இப்படி வரலாம்: "இரண்டாம் பத்தியில் ஒரே ஆட்டோவில் 40 விடுதிகளுக்குக் காலை ஏழு மணிக்குள் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விடுதிக்கு ஐந்து நிமிடம் என்றாலே 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்குமே, அந்த நேரத்தில் விடுதிச் சமையலறை திறந்திருக்குமா? முதல் மாதம் 12 விடுதிகளோடு தொடங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்." இதில் புகழ்ச்சி இல்லை, குத்தலும் இல்லை. இந்தக் கருத்தை எழுதியவர் மேலாண்மை படித்தவராக இருக்க வேண்டியதும் இல்லை; பெருக்கல் தெரிந்திருந்து, ஊரைப் பார்த்திருந்தால் போதும். இப்படி எழுதியவர் தன் திட்டத்தைத் திறக்கும்போது அதே பெருக்கலை அங்கேயும் போட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

மொழித் தயக்கம் உள்ளவர்களுக்குத் தொடக்க வாக்கியங்கள் சில எழுதிக் கொடுங்கள். 'இந்த இடத்தில் எனக்கு எழுந்த கேள்வி...', 'இந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்...', 'உங்கள் தாளில் நான் எடுத்துக்கொள்ளப் போவது...' என்பன போல. ஸ்டான்ஃபோர்ட் பாடத்திலும் பொதுவாக வரும் குறைகளுக்குச் சிறு வாசகங்களை ஆயத்தமாக வைத்துத்தான் மாணவர்களின் கருத்துகளைப் பெருக்கினார்கள். உங்கள் கல்லூரிக்குள் மட்டும் நடக்கும் பாடமானால் தமிழிலோ கன்னடத்திலோ கலந்தோ எழுத விடுங்கள். ஒதுக்கீடு செய்யும்போது படிப்பவருக்கும் அந்த மொழி தெரியுமாறு குழு பிரித்தால் சரி. உலகத்துக்கே திறந்த பாடமென்றால் ஆங்கிலம்தான். அங்கே சின்னச் சின்ன வாக்கியம் போதும் என்று தைரியம் கொடுங்கள்.

சாட்ஜிபிடியில் பிறர் தாளை ஒட்டி, அது தரும் பத்தியை அப்படியே கருத்தாகப் போடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இன்னொருவர் நம்பிக் கொடுத்த எழுத்தை அவருக்குத் தெரியாமல் வெளியே கொண்டுபோவது முதல் தவறு. படிப்பவருக்குக் கிடைக்க வேண்டிய பயன் முழுவதும் அதோடு போய்விடுகிறது. வெறும் தடை போட்டால் நிற்காது, கேள்வியை மாற்றுங்கள். 'இந்தத் தாளில் உள்ள ஒரு வரியை எடுத்தெழுதி, உங்கள் தாளில் அதே இடத்தை நீங்கள் எப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று ஒப்பிடுங்கள்' என்று கேட்டால் சொந்தமாகப் படித்தே ஆக வேண்டும்.

நாளும் எண்ணும்

வெள்ளிக்கிழமை இரவைக் கடைசி நேரமாக வைக்காதீர்கள். அந்த இரவு பெங்களூருத் தமிழரில் எத்தனையோ பேர் மடிவாளாவிலும் சில்க் போர்டிலும் ஊருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு இரவும் அப்படித்தான், திரும்பும் பயணம். உகாதி, தசரா, தீபாவளி வாரங்களை விட்டுவிடுங்கள். ஏற்றுவதற்குச் செவ்வாய் இரவு, படித்து முடிக்க அடுத்த திங்கள் இரவு என்று வைத்தால் பீன்யாவில் ஷிஃப்டில் போகிறவருக்கும், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் நடுவில் ஒரு விடுமுறை நாள் கிடைக்கும். தாள் 600 சொல்லுக்குள் இருக்கட்டும், பி.டி.எஃப்.-க்குப் பதில் தளத்திலேயே தட்டெழுதியதாக இருக்கட்டும். கைபேசியில் பி.டி.எஃப்.-ஐ இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருந்தால் யாரும் கவனமாகப் படிக்க மாட்டார்கள்.

ஓப்பன் எட்எக்ஸில் இயல்பாக இருக்கும் அமைப்பு, ஒருவர் ஐந்து தாள் படிக்க வேண்டும், ஒரு தாளை மூவர் படித்தால் போதும் என்பது. படிக்கும் எண் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிலர் இடையில் நின்றுவிட்டாலும் எல்லாத் தாளுக்கும் ஆள் கிடைக்கும். சிறிய வகுப்பில் நான்குக்கு மூன்று என்று வைக்கலாம். இரண்டையும் சமமாக வைத்தால் ஒருவர் நின்றதும் இன்னொருவரின் தாள் அந்தரத்தில் நிற்கும். மூடுலில் தாளுக்கு 80, மதிப்பிட்ட விதத்துக்கு 20 என்று இரண்டு மதிப்பெண் இயல்பாகவே உண்டு. அந்த 20-ஐ எடுத்துவிடாதீர்கள். படிப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான் என்று மாணவருக்குச் சொல்வது அந்த எண்தான்.

மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் விளக்கிவிடுங்கள். எட்எக்ஸ் எடுப்பது சராசரியை அல்ல, இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை. மூவர் பத்துக்கு 8, 7, 2 என்று போட்டால் சராசரி 5.67 ஆகிவிடும். இடைநிலை 7. கோபத்திலோ அவசரத்திலோ ஒருவர் போட்ட 2 உங்களைக் கீழே இழுக்காது. இந்த ஒரு கணக்கை ஸ்லைடில் போட்டுக் காட்டினாலே 'யாரோ ஒருத்தர் கெடுத்துவிடுவார்' என்ற பயம் பெருமளவு அடங்கும்.

வேண்டியவர், வேண்டாதவர்

ஸ்டான்ஃபோர்ட் பாடத்தில் மாணவர்கள் தம் நாட்டவரின் தாளுக்கு, பிற நாட்டவரின் தாளைவிட 3.6 விழுக்காடு கூடுதலாக மதிப்பெண் இட்டிருந்தார்கள். பெயர் தெரியாதபோதே அப்படி. நம் கல்லூரி மாணவர்கள் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் யு.எஸ்.என். என்ற பல்கலைக்கழகப் பதிவு எண்ணை எழுதப் பழகியவர்கள். கோப்பின் பெயரிலும் அதுவே இருக்கும். தாளிலும் கோப்பின் பெயரிலும் பெயர், யு.எஸ்.என்., கல்லூரி, நிறுவனம் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லி, ஏற்றிய பிறகு நீங்களும் ஒரு பார்வை பாருங்கள். 'எனக்கு 5 போடு, உனக்கு 5 போடறேன்' என்ற ஏற்பாடு வாட்ஸ்அப்பில் நடப்பது உண்டு. தளம் தானாகத் தாளைப் பங்கிட்டால் அது நடக்க வழியில்லை. நீங்கள் கையால் பங்கிடுவதாக இருந்தால் வேறு பிரிவினரோடு கலந்துவிடுங்கள்.

அதே பாடத்தில் மாணவர்கள் தம் தாளுக்கு ஆசிரியரைவிட 7 விழுக்காடு கூடுதலாக இட்டுக்கொண்டார்கள். அதற்காகத் தன் தாளைத் தானே மதிப்பிடும் படியை எடுத்துவிட வேண்டாம். பிறர் தாளைப் படித்து முடித்தபின் கடைசிப் படியாக வையுங்கள். நான்கு தாளைப் பார்த்துவிட்டு வரும் கண் தன் தாளை வேறு மாதிரிப் பார்க்கும்.

வெற்றுத் தாளோ, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய தாளோ வந்தால் படிப்பவர் என்ன செய்வது? தானே சுழியம் போட்டுத் தண்டிக்க வேண்டாம், தாளின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்கவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிவித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகட்டும். எட்எக்ஸில் பொறுப்பாளர் அப்படிப்பட்ட தாளைச் சுற்றிலிருந்தே எடுத்துவிட முடியும். மதிப்பெண்ணில் குறை சொல்லி வருபவரிடம் ரூப்ரிக்கின் எந்த வரியில் எந்த எண் தவறு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுத உட்காரும்போதே தங்கள் தாளில் விட்டதைக் கண்டுகொள்வார்கள். மீதிப் பேருக்கு நீங்கள் படித்து மதிப்பெண்ணை மாற்ற வேண்டியிருக்கும், மாற்றுங்கள்.

திருத்தி எழுத ஒரு வாய்ப்பு

பாடம் முடிந்த பிறகு கைக்கு வரும் கருத்தை வைத்து யாரும் எதையும் திருத்துவதில்லை. குல்கர்ணியின் குழு 2015-ல் பியர்ஸ்டூடியோ என்ற தளத்தை வைத்து இதைச் சோதித்தது. முதல் வரைவை ஏற்றுபவர் இருவரின் வரைவுக்குக் கருத்து எழுதுவார். தனக்கும் கருத்து வரும். திருத்தி மீண்டும் ஏற்றலாம். இணையப் பாடங்களில் பாதி மாணவர்களுக்குக் கருத்து 20 நிமிடத்துக்குள் கிடைத்துவிட்டது. உடனே கருத்து பெற்றவர்களின் இறுதி மதிப்பெண் உயர்ந்தது. அதே கருத்தை 24 மணி நேரம் தாமதித்துக் கொடுத்தபோது உயரவில்லை.

நமக்கு அந்தத் தளம் தேவையில்லை. ஒரு மாலை போதும். புதன் அல்லது வியாழன் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் இணைய வேண்டும். அரை மணி நேரத்தில் வரைவை ஏற்ற வேண்டும். அடுத்த அரை மணியில் இரண்டு வரைவுக்குக் கருத்து எழுத வேண்டும். ஒன்பது மணிக்கு அவரவர் கருத்தைத் திறந்து படித்து, அங்கேயே திருத்தத் தொடங்க வேண்டும். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத இந்த மாலையில் கலந்துகொண்டவர் பிறகு வரும் மதிப்பெண் சுற்றில் விலகிப்போவது அரிது என்பது என் அனுபவம். முதல் தாளைத் திறக்கும் கூச்சம் அங்கேயே போய்விடுகிறது.

மதிப்பெண் சுற்று முடிய இரண்டு நாள் இருக்கும்போது யார் யாருக்கு எத்தனை தாள் பாக்கி என்று பட்டியல் எடுங்கள். 'கடைசி நாள் நெருங்குகிறது' என்ற பொதுச் செய்தியை யாரும் படிப்பதில்லை. "உங்கள் தாளை மூவர் படித்துக் கருத்து எழுதியிருக்கிறார்கள். நீங்கள் படிக்க வேண்டியது இன்னும் இரண்டு. முடித்ததும் அவர்கள் எழுதியது உங்களுக்குத் தெரியும்" என்று பெயர் சொல்லித் தனித்தனியே அனுப்புங்கள். கைபேசியில் கூப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. கூப்பிடும்போது ஏன் முடிக்கவில்லை என்று கேட்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். திரையில் எங்கே அழுத்துவது என்று தெரியாமல் நின்றவர்கள் அந்த அழைப்பிலேயே முடித்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகும் சில தாள்கள் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கும். தாமதமாக ஏற்றியவர்களின் தாள்களே பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்ளும். ஏழு நாள் கழித்து, வர வேண்டிய மதிப்பீடுகளில் 30 விழுக்காடு வந்திருந்தாலே மதிப்பெண் தரும் வசதி எட்எக்ஸில் இருக்கிறது. ஒருவர்கூடப் படிக்காத தாளுக்கு அதுவும் உதவாது. அவற்றை நீங்களும், முந்தைய பருவத்தில் நன்றாகக் கருத்து எழுதிய நான்கைந்து மாணவர்களும் பங்கிட்டுப் படியுங்கள். அப்படி உதவும் மாணவருக்குக் கல்லூரியின் பெயரில் கடிதம் கொடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒருவராவது படித்து எழுதிய கருத்து போய்ச் சேர்ந்தபின் அந்த அசைன்மென்டை மூடலாம்.